சாக்லேட்டை நிறுத்தியும் சொத்தை நிற்கவில்லையே, ஏன்?

கேள்வி:

எங்கள் பையனுக்கு 9 வயது. என் கணவருக்கு மாற்றலாகி, இரண்டு வருஷத்துக்கு முன் திருச்சியிலிருந்து டெல்லிக்கு வந்தோம். மயூர் விஹாரில் இருக்கிறோம். வரும்போது சாதாரண உடம்போடு இருந்தவன் இப்போது 135 செ.மீ. உயரத்துக்கு 47 கிலோ இருக்கிறான். பள்ளியில் ‘மோட்டு’ (இந்தியில் குண்டன்) என்று கூப்பிடுகிறார்களாம். காலையில் கிளம்பும்போது வயிற்றுவலி என்கிறான். ஞாயிற்றுக்கிழமை அந்த வலி வருவதில்லை.

கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு கடைவாய்ப்பல், மேலே கடைசியில் ஒன்று, ஆக மூன்று சொத்தை. பிரஷ் பண்ணினால் ஈறில் ரத்தம். ராத்திரி பல்லை நறநறவென்று கடிக்கிறான், வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறான். சப்பாத்தி, காய் என்றால் பாதியில் தள்ளிவிட்டு பிரெட், தயிர்சாதம், பாலில் நனைத்த பிஸ்கட் என்று அடம் பிடிக்கிறான். மத்தியானம் மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு மாம்பழ ஜூஸ், டியூஷன் நடுவில் பிஸ்கட், திரும்பி வந்ததும் பிரெட்-ஜாம், ஒன்பதரைக்குச் சாப்பாடு, படுக்கும்முன் மால்ட் பவுடரும் சர்க்கரையும் போட்ட பால். சாக்லேட்டை ஆறு மாதமாக அடியோடு நிறுத்திவிட்டோம். ஆனால் சொத்தை நிற்கவில்லை.

ஒரு பல் டாக்டர் அவன் முன்னாலேயே, “இந்த உடம்புக்கு வாயைக் கட்டினால்தான் பல் தங்கும்” என்றார். அன்றிலிருந்து கிளினிக் என்றாலே அழுகிறான். என் மாமியாரோ, “பால் பல்தானே, விழுந்து முளைக்கும், விடு” என்கிறார். எடைக்கும் பல்லுக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா? மனக்கவலையால் பல் கெடுமா? எதை முதலில் கவனிப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டெல்லி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அதுவும் இந்த வாரமே. எடை முக்கியமில்லை என்பதற்காகச் சொல்லவில்லை. வாயில் வலி இருக்கும்வரை எடைக்காக நீங்கள் என்ன செய்தாலும் அது நாலு நாள் தாண்டாது.

அவன் சப்பாத்தியைத் தள்ளிவிட்டு பிரெட் கேட்பதை அடம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அடமாகத் தெரியவில்லை. கீழே இரண்டு பக்கமும் சொத்தை என்றால் எந்தப் பக்கம் வைத்து மெல்லுவான்? மாதக்கணக்கில் இப்படி இருக்கும் குழந்தைகள் பலர் வலிக்கிறது என்றுகூடச் சொல்வதில்லை. வலிக்காத சாப்பாடு எது என்று தாங்களே கண்டுபிடித்து அதற்கு மாறிக்கொள்கிறார்கள். கொய்யா, கேரட், சுண்டல், சப்பாத்தி எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து போய்விடும். மெல்லாமலே இறங்குகிற மைதா, சர்க்கரை, குழைந்த சாதம் மட்டும் மிஞ்சும். இவை வேகமாக உள்ளே போகிறவை. வயிறு நிறைந்தது என்று உடம்பு சொல்வதற்குள் இரண்டாவது தட்டு முடிந்திருக்கும். எடை பல்லைக் கெடுக்குமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் நிறையப் பேர். கெட்ட பல் எடையை ஏற்றுமா என்று கேட்டவர்கள் குறைவு. உங்கள் பையன் விஷயத்தில் அதுவும் நடக்கிறது என்றே நினைக்கிறேன்.

சரி, முதல் கேள்வி. குண்டான குழந்தைக்குச் சொத்தை அதிகம் வருமா என்று பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். விடை ஒரே மாதிரி வரவில்லை. சில ஆய்வுகளில் எடை கூடிய குழந்தைகளுக்குச் சொத்தை அதிகம். சிலவற்றில் வித்தியாசமே இல்லை. இன்னும் சிலவற்றில் எடை குறைந்த குழந்தைகளுக்குத்தான் அதிகம். நம் ஊரிலும் வாய் நிறையச் சொத்தையோடு வருகிற மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளில் பலர் ஒல்லியாக இருப்பார்கள். வலியால் சாப்பிடாமல், தூங்காமல் இளைத்தவர்கள் அவர்கள். ஆக, கொழுப்பு நேரே போய்ப் பல்லைத் துளைப்பதில்லை. அந்த டாக்டர் சொன்ன கணக்குக்கு ஆதாரம் கிடையாது. எடையும் சொத்தையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. உங்கள் வீட்டில் அந்த இடம், பள்ளி விட்டு வந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரையான ஏழு மணி நேரம்.

அந்த ஏழு மணி நேரத்தில் ஐந்து முறை இனிப்போ மாவோ அவன் வாய்க்குள் போகிறது. சர்க்கரை பட்டதும் பல் மேல் படிந்திருக்கும் கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. 1940-களில் ராபர்ட் ஸ்டெஃபான் என்ற அமெரிக்கர் இதை அளந்து காட்டினார். இனிப்பு பட்ட சில நிமிடங்களில் பல்லின் மேல் பிஎச் அளவு (இது குறைந்தால் அமிலம் கூடியது என்று அர்த்தம்) சரிந்துவிடுகிறது, சுமார் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேல் ஓடான எனாமல் கரைய ஆரம்பிக்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்து பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகும். மூன்று மணிக்கு ஜூஸ், அது ஆறுவதற்குள் பிஸ்கட், அது தீர்ந்ததும் ஜாம் என்றால் உமிழ்நீருக்கு வேலை செய்ய இடைவெளி ஏது?

எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பதுதான் பல்லுக்குப் பெரிய விஷயம். இதைத் தெளிவாகக் காட்டியது ஸ்வீடனில் வீப்பெஹோல்ம் என்ற இடத்தில் நடந்த ஆய்வு. முடிவுகள் 1954-இல் வெளிவந்தன. சாப்பாட்டோடு இனிப்பு சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. சாப்பாட்டு வேளைகளுக்கு இடையே ஒட்டுகிற டாஃபி தின்றவர்களுக்கு மளமளவென்று கூடியது. (அந்த ஆய்வை நடத்திய விதம் கொடுமை. மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான இல்லத்தில், விவரம் சொல்லி ஒப்புக்கொள்ள முடியாதவர்களிடம் வேண்டுமென்றே டாஃபி கொடுத்தார்கள். இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனாலும் பல் மருத்துவம் படிக்கிற ஒவ்வொருவரும் அதைப் படித்துத்தான் வெளியே வருகிறோம்.)

சாக்லேட்டை நிறுத்தியும் பலன் தெரியாததற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். சாக்லேட் உருகி வாயிலிருந்து ஓரளவு சீக்கிரம் கழுவிப் போய்விடும். பிஸ்கட்டும் பிரெட்டும் சிப்ஸும் மசிந்து கடைவாய்ப்பல் பள்ளத்தில் அப்பிக்கொண்டு நெடுநேரம் இருக்கும். டெல்லிக் குளிர்காலத்தில் தெருவுக்குத் தெரு விற்கும் கஜக், ரேவ்டி என்ற எள் மிட்டாய்கள் இரண்டும் ஒட்டுகிற விஷயத்தில் இன்னும் மோசம். “எள்ளும் வெல்லமும்தானே டாக்டர், உடம்புக்கு நல்லதுதானே” என்பார்கள். வெல்லமா, தேனா, சர்க்கரையா என்று கிருமி பார்ப்பதில்லை.

இப்போது இதே ஐந்தையும் எடைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,700 கலோரி போதும் என்கிறது நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது, சேர்க்கப்பட்ட சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று. 5 சதவீதம் என்றால் உங்கள் பையனுக்குச் சுமார் 20 கிராம், அதாவது 5 டீஸ்பூன். பழச்சாறும் தேனும் இந்தக் கணக்கில்தான் சேரும். அந்த மாம்பழ ஜூஸ் பெட்டியைத் திருப்பி, 100 மி.லி.க்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று படியுங்கள். பெரும்பாலும் 10-க்கு மேல் இருக்கும். 200 மி.லி. குடித்தால் அன்றைய கணக்கு மூன்றேகால் மணிக்கே முடிந்தது.

மால்ட் பவுடரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் வீடுகளில் அதற்குக் கோயில் பிரசாத மரியாதை. பாக்கெட்டில் பெரிய எழுத்தில் வைட்டமின் பெயர்கள், பின்னால் சின்ன எழுத்தில் சர்க்கரை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளிடம் இந்த வகைப் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவிலிருந்து எடுக்கச் சொன்னது. அப்படி ஒரு வகைக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளக்கமே இல்லை. உங்கள் பையனுக்கு அதைக் கொடுக்கும் நேரம் வேறு மோசமானது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அதோடு அவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். இருக்கிற ஈரமும் காய்ந்துபோகும். படுக்கும்முன் குடித்த இனிப்பு காலைவரை பல்லோடு இருக்கிறது.

ஈறு விஷயம் கொஞ்சம் வேறு. இங்கே எடைக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. அதிகமான கொழுப்புத் திசு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் பல்லின் ஓரத்தில் படிகிற அதே அழுக்குக்கு ஈறு மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக வீங்கும், ரத்தம் கசியும். எடை கூடிய பிள்ளைகளிடம் உமிழ்நீர் சற்றுக் குறைவாகச் சுரப்பதையும் சில ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தில் பிரஷ் படாமல் விட்டுவிடாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் அங்கேதான் நன்றாகத் தேய்க்க வேண்டும். சுத்தமாக வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் கசிவு குறையும். குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்தது நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்வி. மனக்கவலையால் பல் கெடுமா? கவலை தானாகப் போய்ப் பல்லில் ஓட்டை போடாது. ஆனால் ஓட்டை விழுவதற்கான அத்தனை வழியையும் திறந்துவிடும். ஏழு வயதில் பாட்டி வீடு, தெரு, நண்பர்கள், பாஷை எல்லாவற்றையும் விட்டு வந்த பிள்ளை அவன். இங்கே வகுப்பில் இந்தி. பிறகு பட்டப்பெயர். உடம்பு இதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும். அது நீடித்தால் இனிப்பும் எண்ணெயும் கேட்கும் பசி வரும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும், தூக்கம் கெடும். 2010-இல் வெளியான கலிபோர்னிய ஆய்வொன்றில், பாலர் வகுப்புக் குழந்தைகளின் எச்சிலில் கார்ட்டிசாலை அளந்து, அவர்களுக்கு விழுந்த பால் பற்களையும் சோதித்தார்கள். கார்ட்டிசால் அதிகமிருந்த குழந்தைகளின் எனாமல் மெல்லிதாகவும் மென்மையாகவும் இருந்தது. ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கும் நிம்மதியில்லாத குழந்தைகளுக்கும் சொத்தை ஏன் கூடுதலாக இருக்கிறது என்பதை மிட்டாயை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது என்பதை அது காட்டியது.

கிளினிக்கில் நான் பார்ப்பது இன்னும் எளிமையானது. மனசு சரியில்லாத குழந்தை பிரஷ்ஷை வாயில் வைத்துவிட்டு எடுத்துவிடும். தின்னுவது ஒன்றுதான் அதற்குச் சந்தோஷமாக இருக்கும். ‘மோட்டு’ என்று கூப்பிடும் மைதானத்துக்குப் போகாமல் வகுப்பிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதனால் எடை ஏறும், இன்னும் கூப்பிடுவார்கள். முன்பல்லும் கறுத்திருந்தால் சிரிப்பதையும் நிறுத்திவிடும். ஞாயிற்றுக்கிழமை வராத வயிற்றுவலி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மருந்துக் கடையில் மாத்திரை இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

பல் கடிப்பதைக் கவலையின் கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள். இந்த வயதில் நிறையக் குழந்தைகள் தூக்கத்தில் பல் கடிப்பார்கள், பெரும்பாலோருக்கு வளர வளரப் போய்விடும். பால் பல்லும் நிலைப்பல்லும் கலந்திருக்கும் வயதில் அதற்காக நைட்-கார்டு (ராத்திரி பல்லில் மாட்டும் உறை) எதுவும் நான் பொதுவாகப் போடுவதில்லை. எனக்குக் கவலை தருவது அந்தக் குறட்டை. பல் கடிப்பு, குறட்டை, திறந்த வாய், கூடிய எடை நான்கும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். டான்சில் அல்லது மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை பெரிதாக இருக்கலாம். மூச்சு தடைபட்டால் ஆழ்ந்த தூக்கம் வராது. பகலில் எரிச்சல், கவனக்குறைவு, ஓயாத பசி எல்லாம் வரும். பார்க்கிறவர்களுக்கு அது படிப்பில் அக்கறையின்மை மாதிரியோ மன அழுத்தம் மாதிரியோ தெரியும். அவன் அசந்து தூங்கும்போது முகமும் நெஞ்சும் தெரிகிற மாதிரி ஐந்து நிமிடம் ஃபோனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் வாய் வார்த்தையாகச் சொல்வதைவிட அது நூறு மடங்கு உதவும்.

அப்புறம் மாமியார் சொன்னது. அவர் சொல்வதில் பாதி சரி. முன்பல் விழுந்து முளைப்பதைப் பார்த்துவிட்டு எல்லாப் பால் பல்லும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். பால் கடைவாய்ப்பற்கள் பெரும்பாலும் 10 முதல் 12 வயதில்தான் விழும். அவனுக்கு இன்னும் ஒன்றிலிருந்து மூன்று வருஷம் அவற்றை வைத்துத்தான் மெல்ல வேண்டும். சீழ் வைத்தால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லைப் பாதிக்கலாம். சீக்கிரமே பிடுங்கிவிட்டால் பின்பல் முன்னால் நகர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். அடியில் இருப்பது கோணலாக முளைக்கும். அதே சமயம், எக்ஸ்ரேயில் வேர் கரைந்து சீக்கிரம் விழப்போகிறது என்று தெரிந்தால், சும்மா விடலாம் என்று நானே சொல்வேன். அந்த எக்ஸ்ரே பார்க்காமல் மாமியாரும் நீங்களும் வாதாடிப் பயனில்லை.

ஆனால் ‘மேலே கடைசியில்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பல்தான் எனக்கு உறுத்துகிறது. ஆறு வயதில் எந்தப் பால் பல்லும் விழாமலே, கடைசியில் சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். பல பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது நிலைப்பல். ஆயுசுக்கும் அது ஒன்றுதான்; போனால் வேறு வராது. அந்தச் சொத்தை இதில் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். எடை கூடிய குழந்தைகளுக்கு நிலைப்பற்கள் சில மாதம் முன்னதாகவே முளைப்பதும் உண்டு. 12 வயதில் வர வேண்டிய அடுத்த கடைவாய்ப்பல் அவனுக்கு முன்கூட்டியே எட்டிப்பார்க்கலாம், கவனமாக இருங்கள்.

எங்கே போவது? டெல்லி கேட் பக்கத்தில் இருக்கும் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனம் அரசுக் கல்லூரி. குழந்தைகள் பல் பிரிவு தனியாக இருக்கிறது. மயூர் விஹாரிலிருந்து ப்ளூ லைனில் மண்டி ஹவுஸ் வந்து வயலெட் லைன் மாறினால் ஐடிஓவுக்கு அடுத்த ஸ்டேஷன் டெல்லி கேட். எய்ம்ஸிலும் பல் மருத்துவத்துக்கென்று தனி மையம் உண்டு. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டிவரும். தனியார் என்றால் குழந்தைகள் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். படித்தவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பயந்துபோன பிள்ளைக்கு ஊசி, டிரில் இல்லாத வழிகளும் இன்று இருக்கின்றன. சொத்தை நரம்பைத் தொடவில்லை என்றால் பால் கடைவாய்ப்பல்லைத் துளைக்காமலே மேலே ஒரு ஸ்டீல் கேப்பை அழுத்தி ஒட்டிவிடலாம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நார்னா ஹால் என்ற பல் மருத்துவர் செய்துவந்த முறை, அவர் பேரிலேயே ‘ஹால் முறை’ என்று வழங்குகிறது. சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்ற மருந்தைத் தடவியும் பரவுவதை நிறுத்தலாம். தடவிய இடம் கறுத்துப்போகும், அதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நரம்பு வரை போயிருந்தால் ரூட் கெனால் மாதிரியான சிகிச்சை தேவைப்படும். நல்ல நிலைப்பல்லில் பள்ளங்களை மூடும் சீலன்ட், சில மாதங்களுக்கு ஒரு முறை ஃப்ளோரைடு வார்னிஷ் இரண்டையும் நீங்களே கேளுங்கள்.

டாக்டரிடம் முன்கூட்டியே ஃபோனில் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பது மட்டும் போதும், அவன் எதிரில் எடையைப் பற்றிப் பேச வேண்டாம். இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர் உங்கள் பையனுக்கான டாக்டர் இல்லை. நீங்களும் “வலிக்கவே வலிக்காது, ஊசியே போடமாட்டாங்க” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். “அழாமல் இருந்தால் ஐஸ்கிரீம்” என்றும் சொல்லாதீர்கள். இது நான் வாரம் தவறாமல் கேட்கிற லஞ்சம்.

வீட்டில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள் என்றால், பகல் சாப்பாட்டின் நேரத்தைத்தான் சொல்வேன். மூன்று மணிக்கு அவனுக்கு வருவது ஜூஸ் பசி இல்லை, சோற்றுப் பசி. காலையில் டப்பாவில் கொடுத்தது எப்போதோ தீர்ந்திருக்கும். வந்ததும் சாதம், சாம்பார், காய், ஒரு முட்டையோ பயறோ போட்டுவிடுங்கள். டியூஷன் முடிந்து வந்தால் சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை அல்லது ஒரு பழம். பல் வைத்தியம் முடியும்வரை மசித்தே கொடுங்கள். எட்டு மணிக்கு லேசான இரவுச் சாப்பாடு, அதோடு சர்க்கரை போடாத பால். பிறகு பிரஷ், அதற்குமேல் தண்ணீர் மட்டும். இப்படி வைத்தால் ஒன்பதரைக்குள் படுக்கலாம். இந்த வயதுக்கு 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும், டெல்லியில் பள்ளி பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று எனக்கும் தெரியும். டியூஷன் நேரத்தைக் குறைக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது, நான்காவது வகுப்புப் பிள்ளைக்கு ஏன் தினமும் டியூஷன் என்று நான் கேட்டால் பெற்றோர் என்னை வேற்றுக்கிரக ஆளாகப் பார்க்கிறார்கள், இருந்தாலும் கேட்கிறேன்.

சாக்லேட் தடையை எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்த கையோடு ஒரு துண்டு சாப்பிடட்டும். அடியோடு தடுத்தால் பிள்ளைகள் ஒளித்துத் தின்பார்கள், தின்றதை மறைக்கப் பழகுவார்கள்.

ராத்திரி பிரஷ் பண்ணும்போது நீங்களோ கணவரோ பக்கத்தில் நில்லுங்கள். 1000 பிபிஎம் ஃப்ளோரைடு இருக்கும் பேஸ்ட், பட்டாணி அளவு, இரண்டு நிமிடம். துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளோரைடு கழுவிப் போய்விடும். பொம்மை படம் போட்ட குழந்தைகள் பேஸ்ட் சிலவற்றில் ஃப்ளோரைடே இருக்காது, அட்டையைப் படித்து வாங்குங்கள். டெல்லியில் பெரும்பாலான வீடுகளில் ஆர்.ஓ. தண்ணீர்தான். தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடில் பெரும்பகுதியை அது வடிகட்டிவிடும். அதனால் பேஸ்ட்டில் இருப்பது இன்னும் முக்கியம்.

எடைக்கு வருகிறேன். அவனுடைய பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, சுமார் 25.8. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2015 அட்டவணைப்படி 9 வயதுப் பையனுக்கான உடற்பருமன் கோட்டுக்கு அது நன்றாகவே மேலே. அதனால் குழந்தை மருத்துவரிடம் காட்டி ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். கழுத்தின் பின்புறம் வெல்வெட் மாதிரி கறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதை அழுக்கு என்று நினைத்துத் தோல் உரியத் தேய்க்கிற அம்மாக்கள் உண்டு. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். பட்டினி போடவோ, இணையத்தில் வரும் டயட் எதையும் கொடுக்கவோ வேண்டாம். வளர்கிற பிள்ளை, பலருக்கு எடை இப்போதிருக்கும் இடத்திலேயே நின்றாலே போதும், உயரம் ஏற ஏறக் கணக்கு சரியாகும். எவ்வளவு குறைய வேண்டும் என்பதைக் குழந்தை மருத்துவர் சொல்லட்டும்.

விளையாட்டுதான் டெல்லியில் பெரும்பாடு. பூங்காவில் ‘பந்து விளையாடக் கூடாது’ என்று பலகை வைக்கிறார்கள், பிறகு பிள்ளைகள் குண்டாகிறார்கள் என்று கவலைப்படுகிறார்கள். நவம்பர், டிசம்பரில் காற்று கெட்டுப்போனால் வெளியே விளையாட்டையே பள்ளியில் நிறுத்திவிடுகிறார்கள். காற்று நன்றாக இருக்கும் மாதங்களில் சஞ்சய் ஏரி பக்கம் மாலையில் அப்பாவோடு போகட்டும். மற்ற மாதங்களில் வீட்டுக்குள்ளேயே ஸ்கிப்பிங்கோ ஆட்டமோ. அவனை மட்டும் ஓட விட்டுவிட்டு மற்றவர்கள் டிவி பார்த்தால் அது தண்டனை.

பள்ளியோடு பேசுங்கள். 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, பள்ளிக்குள்ளும் வெளியே 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது. (வாசலில் நிற்கும் ஐஸ்கிரீம் வண்டி இந்த விதியைப் படித்ததில்லை.) 2025 மே மாதம் சிபிஎஸ்இ தன் பள்ளிகளில், எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொன்னது. ஆனால் நீங்கள் வகுப்பு ஆசிரியையிடம் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பட்டப்பெயரைப் பற்றி. தேதி, நடந்தது, கூப்பிட்ட விதம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். “பசங்க விளையாட்டாச் சொல்றாங்க” என்று முடித்துவிட விடாதீர்கள். வீட்டிலும் அந்தப் பேச்சு வேண்டாம். ஊரிலிருந்து வீடியோ காலில் “என்னடா இப்படி ஊதிட்டே” என்று ஆசையாகக் கேட்கிற மாமா, சித்தி எல்லோரிடமும் தனியாகச் சொல்லிவையுங்கள். வயிற்றுவலி தொடர்ந்தால், தூக்கமோ படிப்போ மோசமானால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

கிளினிக்குக்கு நாள் குறிப்பதற்குள் கன்னமோ தாடையோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாயைத் திறக்கவோ விழுங்கவோ கஷ்டப்பட்டால், அந்த நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். வலி மாத்திரையோ மீந்துபோன ஆன்டிபயாட்டிக்கோ கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.